இரண்டு காசு பற்றி மச்சானுக்கு

திருகோணமலை

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைத்தது. உன் முழங்கால் வலி குறைந்ததில் சந்தோஷம். இங்கே வாடைக்காற்று தொடங்கிவிட்டது. உப்புவெளியில் வள்ளங்கள் கரையிலேயே கிடக்கின்றன, மீன் விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

டொராண்டோவில் உங்கள் போதகர் ஏழை விதவையின் இரண்டு காசைச் சொல்லிக் காணிக்கை கேட்டது உனக்கு உறுத்தியதாக எழுதியிருந்தாய். உறுத்தியது நியாயம்தான். வேதாகமத்தில் அந்தக் கதை வருகிற மாற்கு 12ஆம் அதிகாரத்தைக் கொஞ்சம் மேலே இருந்து படித்துப் பார். விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரை, அதாவது நியாயப்பிரமாணம் போதித்தவர்களை, இயேசு கண்டிக்கிறார். உடனே அடுத்த காட்சி, தன் ஜீவனத்துக்கு இருந்த எல்லாவற்றையும், அந்த இரண்டு காசையும், ஆலயக் காணிக்கைப் பெட்டியில் போடுகிற விதவை. அப்புறம் 13ஆம் அதிகாரம் திறக்கும்போதே, அந்த ஆலயம் கல்லின்மேல் கல்லிராமல் இடிக்கப்படும் என்கிறார். அவளைப் புகழ்ந்தார் என்றுதான் ஓய்வுநாள் பாடசாலையில் நமக்குச் சொன்னார்கள். சரி, புகழ்ந்ததாகவே இருக்கட்டும். ஆனால் கையில் ஒன்றுமில்லாதவர்களிடம் அவர் எங்கே மச்சான் காணிக்கை கேட்டார்? எல்லாவற்றையும் விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்று சொன்னது ஆஸ்தி நிறைய இருந்தவனிடம். வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு, இயேசு கேட்காமலே பாதியைக் கொடுத்தான், ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொன்னான். அந்தத் திருப்பித் தருகிற பகுதி நம் பிரசங்கங்களில் அதிகம் வருவதில்லை. அதைத் தர்மக் கணக்கில் எழுத முடியாது பார்.

எவ்வளவு கொடுத்தான் என்பதைவிடத் தனக்கு எவ்வளவு வைத்துக்கொண்டான் என்பதுதான் கேள்வி என்று எனக்குப் படுகிறது. மெதடிஸ்த சபையைத் தொடங்கிய நம் ஜோன் வெஸ்லி ஒரு பிரசங்கத்தில் ஒக்ஸ்போர்ட் மெதடிஸ்தர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறார். வருட வருமானம் 30 பவுண் வந்தபோது 28இல் வாழ்ந்து 2ஐக் கொடுத்தாராம். 60 வந்தபோதும் 28, 120 வந்தபோதும் அதே 28. அந்த ஆள் வெஸ்லியேதான் என்பார்கள். வெஸ்லிக்குப் பிள்ளையும் இல்லை, கறண்ட் பில்லும் இல்லை என்கிறாள் என் மனைவி!

நீ அனுப்பப்போகிற காசு கோயில் கூரைக்கா, மூதூர்ப் பக்கப் பிள்ளைகளின் டியூஷனுக்கா என்று கேட்டாய். கூரைக்குக் கொடுத்தால் கல்லில் பெயர் வெட்டுவார்கள், அதனால் அதற்கு வெளிநாட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளின் பஸ் காசுக்கு யாரும் கல் நடுவதில்லை. அதற்கே அனுப்பு, உன் பெயரைச் சொல்லாமல் கொடுத்துவிடுகிறேன். தொகையை நீயே தீர்மானி. வங்கிக் கணக்கு பழையதுதான்.

தையில் வருவாயா என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்