யார் வாங்கினார்கள் என்று எங்களுக்கும் சொல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செல்போன் மோசடிகள் பற்றி உங்கள் இதழில் அடிக்கடி படிக்கிறேன். எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

நாங்கள் மும்பை சயான் கோலிவாடாவில் இருக்கிறோம். போன வருஷம் என் தங்கை கணவர் வீட்டை விட்டு எங்களிடம் வந்துவிட்டாள். சமரசம் பேச வக்கீல் ஆபீஸுக்குப் போனபோது, மாப்பிள்ளை வீட்டார் ஒரு காகிதக் கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்கள். தங்கையின் நம்பருக்கு வந்த, அதிலிருந்து போன அழைப்புகள் அத்தனையும் அதில் இருந்தன. நம்பர், நேரம், எத்தனை விநாடி, எந்த டவர் எல்லாம் வரிசையாக. சில வரிகளில் மஞ்சள் மார்க்கர் இழுத்திருந்தது. இரவு பதினொன்றரைக்கு மேல் ஒரே நம்பருக்கு நாற்பது நிமிஷம். “இது யார்?” என்று கேட்டார்கள். அது திருநெல்வேலியில் இருக்கும் எங்கள் அத்தை. தங்கை வாயே திறக்கவில்லை. அந்தத் தாள்களை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள், அவ்வளவுதான்.

இந்த அழைப்பு விவரப் பட்டியலைத்தான் சிடிஆர் (Call Detail Record) என்கிறார்கள். பேசிய பேச்சு அதில் இருக்காது. ஆனால் ஒரு பெண் எந்த டாக்டரிடம் பேசினாள், எந்த வக்கீலைப் பார்த்தாள், ராத்திரி எங்கே தங்கினாள் என்று அதை வைத்தே சொல்லிவிடலாம்.

வாடிக்கையாளரின் விவரத்தை ரகசியமாகக் காக்க வேண்டும் என்பது செல்போன் கம்பெனிகளின் உரிமத்திலேயே இருக்கும் நிபந்தனை. 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42-வது பிரிவுப்படி, கம்பெனியிடம் உள்ள தகவலை அனுமதியில்லாமல் எடுத்தால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பேச்சை ஒட்டுக்கேட்க வேண்டுமானால் உள்துறைச் செயலர் மட்டத்தில் உத்தரவு வேண்டும், மறுஆய்வுக் குழுவும் பார்க்க வேண்டும். 1996-ல் உச்ச நீதிமன்றம் போட்ட வேலி அது. அழைப்புப் பட்டியலுக்கு அத்தனை காவல் இல்லை. எஸ்.பி. அல்லது டி.சி.பி. அந்தஸ்துக்குக் குறையாத போலீஸ் அதிகாரி வழியாகக் கேட்டால் போதும். அந்தக் கட்டுப்பாடுகூட 2013-ல் டெல்லியில் அருண் ஜெட்லியின் அழைப்பு விவரங்களையே எடுக்கப் பார்த்து ஒரு போலீஸ்காரர் கைதான பிறகுதான் இறுகியது. அப்புறமும் நிற்கவில்லை. 2018-ல் பக்கத்துத் தானேயில், சிடிஆரை முறைகேடாக வாங்கி விற்றதாகத் தனியார் துப்பறிவாளர்கள் பலரைப் போலீசார் பிடித்தார்கள்.

கம்பெனியிடம் கேட்டோம். யாருக்குக் கொடுத்தோம் என்று சொல்ல முடியாது, கோர்ட் ஆர்டர் கொண்டு வாருங்கள் என்றார்கள். எங்கள் விவரத்தை யார் எடுத்தார்கள் என்று தெரிந்துகொள்ள நாங்கள் கோர்ட்டுக்கு அலைய வேண்டுமாம். எனக்கு ஆத்திரம் வந்தது, இன்னும் அடங்கவில்லை.

புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் (அதுவும் 2023தான்) வந்தபோது நம்பிக்கையாக இருந்தது. சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வழி செய்ய வேண்டும் என்கிறது. மராத்தியும் ஆங்கிலமும் சரியாக வராத என் அம்மா மாதிரியானவர்களுக்கு அது பெரிய விஷயம். நம் விவரம் யார் யாரிடம் போனது என்று கேட்கும் உரிமையும் அதில் உண்டு. ஆனால் குற்ற விசாரணைக்காக எழுதிக் கேட்டு வாங்கியதென்றால் அந்த உரிமை இல்லை. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியமான கடமைகள் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாதம்.

விசாரணை நடக்கும்போதே சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. திருடன் உஷாராகிவிடுவான், சரி. ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து, “உங்கள் அழைப்புப் பட்டியல் இன்ன தேதியில் இன்ன அலுவலகத்துக்குக் கொடுக்கப்பட்டது” என்று ஒரு எஸ்எம்எஸ் வரட்டும். ரீசார்ஜ் முடிய மூன்று நாள் இருக்கும்போதே தினமும் எஸ்எம்எஸ் அனுப்புகிறவர்களுக்கு இது முடியாதா? நம்பருக்கு உரியவருக்குத் தகவல் போகும் என்று தெரிந்தால், காசுக்குப் பட்டியல் எடுத்துக் கொடுப்பவன் கை நடுங்கும்.

ஒரு தொழிலதிபரின் போனை ஒட்டுக்கேட்க உள்துறை போட்ட மூன்று உத்தரவுகளை 2019-ல் மும்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்து, பதிவுகளை அழிக்கச் சொன்னது. அவர்மேல் போட்ட வழக்கில் அந்தப் பதிவுகள் வந்ததால் அவரால் எதிர்த்து நிற்க முடிந்தது. எங்களுக்கும் அந்தக் காகிதக் கட்டு மேஜைக்கு வந்ததால்தான் தெரிந்தது. வராமலே போயிருந்தால்?

தங்கை நம்பரை மாற்றிவிட்டாள். அத்தையிடம் இப்போது அம்மாவின் போனில் பேசுகிறாள், அதுவும் இரண்டு நிமிஷத்தில் வைத்துவிடுகிறாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி
(பெயர் வெளியிட வேண்டாம்)
சயான் கோலிவாடா, மும்பை