மலைக் கர்ப்பிணிகளுக்குக் காத்திருப்பு அறை

ஆசிரியருக்கு வணக்கம்.

2020 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் அந்த ஆண்டில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளுக்கு 13 பேர் ஒரு வயதுக்குள் இறந்தனர். அப்போது நாட்டின் சராசரி 28. பெருமைதான். ஆனால் சேர்வராயன் மலையில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்த எனக்கு, அந்த 13-க்குள் எங்கள் மலைப் பிள்ளைகள் எத்தனை பேர் என்ற நினைப்பே முதலில் வருகிறது.

என் பாட்டி ஏழு பெற்று மூன்றைத்தான் வளர்த்தார். பிரசவம் சிக்கினால் தூளி கட்டித் தோளில் சுமந்து இறக்க வேண்டிய காலம் அது. 1939-லேயே மெட்ராஸ் பொது சுகாதாரச் சட்டம் தாய்சேய் நலத்துக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கியது. சட்டம் வந்தது, மருத்துவச்சி எங்கள் பாதைக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின.

இன்று 108 வருகிறது. இருந்தும் ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். மழையில் மண் சரிந்தால் வலி எடுத்தவள் என்ன செய்வாள்? மூச்சுத்திணறலோடு பிறந்த குழந்தைக்கு முதல் சில நிமிடங்களே உயிர்.

நாள் நெருங்கியவர்கள் முன்கூட்டியே வந்து தங்கும் பிரசவக் காத்திருப்பு அறை வேண்டும். துணைக்கு வருபவருக்கும் சோறு, இழந்த கூலிக்கு ஈடு, வீட்டிலுள்ள மூத்த பிள்ளைக்கு இடம் ஆகியவையும் சேர்ந்தால்தான் தோட்டத் தொழிலாளிப் பெண்கள் வருவார்கள். அடுத்த மழைக்கு முன் மாவட்ட நிர்வாகம் இதைச் செய்ய வேண்டும்.

— ஓய்வு பெற்ற செவிலியர், ஏற்காடு