யானைக்குச் சாப்பாடு மட்டும் போதுமா, தம்பி?

அன்புள்ள தம்பிக்கு,

"காட்டில் பசி, நோய், வேட்டை. உயிரியல் பூங்காவில் வேளாவேளைக்குத் தீனி, வைத்தியம். அப்புறம் விலங்குக்கு என்ன குறை?" என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்விதான். யானையை வைத்தே பார்ப்போம்.

2008-ல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஐரோப்பியப் பூங்காக்களில் பிறந்த ஆப்பிரிக்கப் பெண் யானைகளில் பாதி, 17 வயதைத் தாண்டவில்லை. கென்யாவின் அம்போசெலி வனவிலங்குப் பகுதியில் இயற்கையாகச் சாகும் பெண் யானைகளுக்கு அந்தக் கணக்கு 56. மனிதர் கையால் செத்தவற்றைச் சேர்த்தால்கூட ஏறக்குறைய 36. பராமரிப்பு இப்போது மேம்பட்டிருக்கிறது என்பார்கள். அந்த ஆய்விலேயே ஆப்பிரிக்க யானைகளிடம் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. ஆனாலும் எத்தனை பெரிய இடைவெளி!

பனிக்கரடி இன்னும் மோசம். காட்டில் அது சுற்றும் குறைந்தபட்சப் பரப்பில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் அதன் அடைப்பு என்று 2003-ல் கணக்கிட்டார்கள். அதனால்தான் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருக்கிறது. பிள்ளைகள் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள் என்கிறாயே, கரடி இப்படித்தான் நடக்கும் என்றுதான் கற்றுக்கொள்வார்கள்.

சரி, பூங்காக்களால் நன்மையே இல்லையா? இருக்கிறது. அரேபிய ஓரிக்ஸ் மான் 1972-ல் காட்டிலிருந்து அழிந்தது. அதற்கு ஏறக்குறையப் பத்தாண்டு முன்பே அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் பூங்காவில் சிலவற்றைச் சேர்த்து வளர்க்கத் தொடங்கியிருந்ததால், 1982-ல் ஓமன் பாலைவனத்தில் மறுபடி விட முடிந்தது. இதை நான் மறுக்கவே மாட்டேன்.

ஆனால் ஓரிக்ஸைப் பார்க்க யார் வரிசையில் நிற்கிறார்கள்? கூட்டம் யானைக்கும் கரடிக்கும் புலிக்கும்தான். அடைத்து வைக்கவே கூடாதவைதான் டிக்கெட்டை விற்றுக் கொடுக்கின்றன. அந்தப் பணத்தில்தான் ஓரிக்ஸ் பிழைக்கிறது என்று பூங்காக்காரர்கள் சொன்னால், அதில் உண்மை உண்டு. இருந்தும் ஒரு மிருகத்தைக் காப்பாற்ற இன்னொன்றின் ஆயுளைச் செலவழிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

எல்லாவற்றையும் நாளைக்கே மூடு என்று சொல்லவில்லை. அங்கேயே பிறந்து வளர்ந்ததைக் காட்டில் அவிழ்த்துவிட்டால் பெரும்பாலும் செத்துப்போகும். இருப்பவை விசாலமான இடத்தில் வயதாகட்டும். யானையிலும் பனிக்கரடியிலும் புதிதாகக் குட்டி வேண்டாம். நீ எப்படியும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகத்தான் போகிறாய். போகும்போது அங்கே ஒன்று கேள்: இந்த யானைக்குப் பிறக்கும் குட்டியைக் காட்டில் விடத் திட்டம் ஏதாவது இருக்கிறதா? என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா