சர்வரை மாற்றும் முன் பேக்கப்பைத் திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் தொழிற்சாலைகளுக்கும் ஷூ கம்பெனிகளுக்கும் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். பல அலுவலகங்களில், எல்லோருடைய கணக்கையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் சர்வர் கம்ப்யூட்டரில் இன்னும் விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 என்ற பழைய பதிப்புதான் ஓடுகிறது. அதற்கு வழக்கமான பாதுகாப்புப் பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) தருவதை மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபர் 10-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. காசு கட்டி வாங்கும் நீட்டிப்பும் 2026 அக்டோபர் 13 வரைதான். 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் தாக்கியபோது, அதைத் தடுக்கும் பேட்ச் மார்ச்சிலேயே வந்திருந்தும் போடாத மெஷின்கள்தான் மாட்டின. எனவே மாற்றியே ஆக வேண்டும். ஆனால் முதலாளிகள், "இருக்கிற மெஷின்லயே புது விண்டோஸை ஏத்திடுங்க, ஒரு ராத்திரி வேலைதானே" என்கிறார்கள். அப்படி ஒரு ராத்திரியில் நானும் இருந்தேன்.

அந்தக் கம்பெனியில் 7-ஆம் தேதி சம்பளம். 5-ஆம் தேதி, சனிக்கிழமை இரவு தொடங்கினோம். விண்டோஸ் ஒழுங்காகவே ஏறியது. இரண்டரை மணிக்குப் புதுத் திரை வந்ததும் டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்து சம்பள மென்பொருளைத் தொட்டால் திறக்கவில்லை. அதன் அடியில் இருந்து கணக்கையெல்லாம் சேமித்து வைக்கும் பழைய டேட்டாபேஸ் புது விண்டோஸில் கிளம்பவே இல்லை.

சரி, பேக்கப் இருக்கிறதே என்று ஹார்டு டிஸ்க்கைச் செருகினோம். தினமும் இரவு பச்சை எழுத்தில் 'முடிந்தது' என்று காட்டிய பேக்கப். ஃபோல்டர்கள் இருந்தன, ரிப்போர்ட்டுகள் இருந்தன, டேட்டாபேஸ் ஃபைல் மட்டும் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் ஃபைல் பூட்டியிருக்கும். வெறுமனே காப்பி எடுக்கும் ஸ்கிரிப்ட் (தானாக ஓடும் சிறு நிரல்) அதை விட்டுவிட்டு அடுத்த ஃபைலுக்குப் போய்விடும். எத்தனை மாதம் அப்படிப் போனதோ, ஒருவரும் திறந்து பார்க்கவில்லை.

நல்லவேளை, சர்வரில் இருந்த மூல ஃபைல் அழியவில்லை. அதே பழைய பதிப்பை வேறு கம்ப்யூட்டரில் போட்டு அதைத் திறக்கப் புதன்கிழமை ஆகிவிட்டது. திங்கள் மாலை ஸ்டிட்சிங் செக்‌ஷன் பெண்கள் கேட்டருகே நின்றார்கள். "நாளைக்குச் சீட்டு கட்டணும் சார்" என்று ஒரு அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

இதே பதிப்பில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2012 ஆர்2-இல் இருந்து விண்டோஸ் சர்வர் 2019 பதிப்புக்கு நேரே ஏற்றலாம், 2022 பதிப்புக்கு நேரே ஏற்ற முடியாது. சம்பளம், பில்லிங் மென்பொருள் தந்தவரிடம் எந்தப் பதிப்பில் ஓடும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் புது மெஷினில் புதிதாகப் போட்டு, டேட்டாவை மட்டும் கொண்டுவந்து, பழையதைச் சில வாரம் அப்படியே வைத்திருங்கள். செலவு கூடும்தான், ஆனால் திரும்பிப் போக வழி இருக்கும். யூபிஎஸ் பேட்டரியையும் முன்பே சோதியுங்கள். பாதியில் கரண்ட் போனால் எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

முதலாளிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். தேதி குறிப்பதற்கு முன் ஒரு சாதா கம்ப்யூட்டரில் உங்கள் பேக்கப்பை இறக்குங்கள். கணக்குப் பிரிவில் இருப்பவர் அதிலிருந்து போன மாதச் சம்பளச் சீட்டு ஒன்றைப் பிரிண்ட் எடுத்து என் கையில் தரட்டும். அப்புறம் எந்த ராத்திரி கூப்பிட்டாலும் வருகிறேன்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சர்வீஸ் பணியாளர்,
சத்துவாச்சாரி, வேலூர்.