உலர் கழிப்பறையில் சிறுநீர்க் கசிவு, கையேட்டில் ஆபத்தான அறிவுரை: புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் இரட்டைத் தொட்டி உலர் கழிப்பறையை நாங்கள் விரும்பித்தான் வாங்கினோம். தண்ணீர் மிச்சமாகும், கழிவு உரமாகும் என்ற எண்ணத்தில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை. நீங்கள் பொருத்திக் கொடுத்ததில்தான் குறை.

சிறுநீரைத் தனியே பிரித்து அனுப்ப வேண்டிய, கோப்பையின் முன்பக்கக் கிண்ணத்துக்கு வாட்டமே இல்லை. சிறுநீர் அங்கேயே தேங்கி, விளிம்பைத் தாண்டி மலத்தொட்டிக்குள் இறங்குகிறது. எவ்வளவு சாம்பல் போட்டாலும் உள்ளே சொதசொதவென்றுதான் கிடக்கிறது, ஈ மொய்க்கிறது. சிறுநீர்க் குழாயையோ மெல்லியதாகப் போட்டு, செங்குத்தான எல்போ வைத்துத் திருப்பியிருக்கிறார்கள். யூரியா சிதைந்து அமோனியாவாகும்போது காரத்தன்மை ஏறி ஸ்ட்ரூவைட் என்ற கெட்டியான உப்பு குழாயில் படியும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியாததா? எல்போவைக் கழற்றிப் பார்த்தோம். வெள்ளையாகக் கல் போல இறுகி, நடுவில் ஒரு பென்சில் நுழையத்தான் வழி இருந்தது. நம் கழிவிலுள்ள தழைச்சத்தில் பெரும்பகுதி சிறுநீரில்தான் இருக்கிறது. அதைச் சேமிக்கத்தானே இந்தக் கழிப்பறை?

சரி, இதையெல்லாம் பழுது பார்த்துவிடலாம். எனக்குப் பயம் தருவது உங்கள் கையேடு. தொட்டி நிறைந்து 2 மாதம் கழித்து அள்ளிக் காய்கறிப் பாத்தியில் போடலாம் என்று அதில் இருக்கிறது. மலத்தில் இருக்கக்கூடிய உருளைப்புழு (குடல் புழு) முட்டைகள் அவ்வளவு சீக்கிரம் சாகாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டுதல், 20 முதல் 35 டிகிரி வெப்பமுள்ள இடங்களில்கூட ஓராண்டுக்கு மேல் மூடி வைக்கச் சொல்கிறது. குளிர்ந்த இடங்களில் ஒன்றரை முதல் 2 ஆண்டு. 6 மாதம் போதும் என்பதற்குக் காரத்தன்மையைக் காட்டும் pH அளவு 9க்கு மேலும், வெப்பம் 35 டிகிரிக்கு மேலும், ஈரம் 25 சதவீதத்துக்குக் கீழும் இருக்க வேண்டும். எங்கள் தொட்டி இருக்கும் ஈரத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

தொலைபேசியில் கேட்டபோது, "எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள், சாம்பலைக் கூட்டிப் போடுங்கள்" என்றார் உங்கள் ஊழியர். எல்லாரும் செய்கிறார்கள் என்பதுதான் எனக்குக் கவலையே. அவர்கள் வீட்டுக் குழந்தைகளும் அந்த மண்ணில்தான் விளையாடுவார்கள்.

கோப்பையை மாற்றி, குழாயை அகலமாகவும் வளைவு குறைத்தும் நல்ல வாட்டத்தோடு உங்கள் செலவிலேயே போட்டுத் தாருங்கள். அதற்கு நாள் பிடித்தாலும் பரவாயில்லை. ஆனால் கையேட்டைத் திருத்தி, இதுவரை வாங்கிய ஒவ்வொருவருக்கும் எழுத்து மூலம் தெரிவிப்பதை உடனே செய்யுங்கள். அப்படிச் செய்ததற்கான கடிதத்தின் நகல் ஒன்றை எனக்கும் அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்