'அரண்' என்று எழுதியவர் ஒருமுறை சேலா ஏறட்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் எல்லைக் கட்டுரையில், "இமயம் என்னும் இயற்கை அரண் இருக்கும்வரை வடக்கே பெரிய கவலையில்லை" என்று ஒரு வரி. கட்டுரையாளர் பள்ளிப் புத்தகத்தை நன்றாகப் படித்திருக்கிறார், சந்தோஷம். நான் ராணுவத்தில் லாரி ஓட்டியவன். அசாமின் தேஜ்பூரில் சரக்கு ஏற்றி, பொம்டிலா, சேலா கணவாய் வழியாக அருணாசலப் பிரதேச எல்லையிலுள்ள தவாங்கில் கொண்டுபோய் இறக்குவது என் வேலை.

உங்களுக்குத் தெரியாததல்ல. இமயத்தின் தென்முகம் செங்குத்து. பருவமழை அதன் மேல்தான் கொட்டுகிறது. சாலை சரிவதும் நம் பக்கம்தான். இமயத்தைத் தாண்டினால் திபெத், சராசரி 4,500 மீட்டர் உயரத்தில், மழை குறைந்த பீடபூமி. சீனர்கள் மொட்டை மாடியில் வண்டி ஓட்டுகிறார்கள், நாங்கள் மூட்டையைச் சுமந்து படியேறிப் போகிறோம். இதில் அரண் யாருக்கு? அவர்கள் 1957-லேயே லடாக்கை ஒட்டிய அக்சாய் சின் வழியாகச் சாலை போட்டுவிட்டார்கள். 2006-ல் லாசாவுக்கு ரயிலே வந்தது. நாமோ சாலை போட்டால் எதிரி அதில் வந்துவிடுவான் என்று பல வருடம் போடாமலே இருந்தோம். 2013-ல் பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணியே நாடாளுமன்றத்தில் இதைச் சொன்னார். சேலா சுரங்கப்பாதை திறந்தது 2024-ல். எனக்குத் தலை நரைத்தபிறகு.

1962 சீனப் போரில், அக்டோபர் மாதம், எல்லையை ஒட்டிய நம்கா சூ ஆற்றங்கரையில் நம் ஆட்கள் பள்ளத்தில், சீனர்கள் மேட்டில். விமானத்திலிருந்து போட்ட பொருள்களில் பெரும்பகுதி மலையிடுக்கில் போய் விழுந்தது. நவம்பரில் சேலாவைச் சுற்றிக்கொண்டு பின்னால் வந்து, இருந்த ஒரே சாலையையும் மறித்தார்கள். மலை யாரையும் தடுக்கவில்லை. நமக்குச் சாதகம் என்றால் வேறொன்று உண்டு. நம் விமானத்தளங்கள் தாழ்வான சமவெளியில் இருப்பதால் முழுச் சுமையோடு மேலே ஏறலாம். திபெத்தின் மெல்லிய காற்றில் அது முடியாது. அன்றைக்குப் போர் விமானங்களை அனுப்பவே இல்லை என்பது வேறு கதை. கட்டுரையில் இதைப் பற்றி மூச்சு இல்லை.

சரி, யார் கேட்கிறார்கள்? ஊரில் என்னைக் கண்டால், "மாமா, இந்த மாசக் கோட்டா வாங்கியாச்சா?" என்று ராணுவக் கேன்டீன் மதுவைப் பற்றித்தான் விசாரணை. நீங்கள் மட்டும் என்ன? 2017-ல் இந்திய, சீனப் படைகள் எதிரெதிரே நின்ற டோக்லாமை அருணாசலப் பிரதேசத்தில் வைத்துப் படம் போட்டீர்கள். அது பூட்டான் பக்கம், திபெத்தின் சும்பி பள்ளத்தாக்கை ஒட்டி இருக்கிறது, அங்கிருந்து தெற்கே பார்த்தால் வடகிழக்கை நாட்டோடு இணைக்கும் குறுகிய சிலிகுரிப் பகுதி, அதனால்தான் அவ்வளவு பதற்றம் என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். மரியாதைக்காக எழுதிய "கட்டுரை அருமை" என்ற முதல் வரியை மட்டும் என் பெயரோடு பிரசுரித்தீர்கள். நன்றி.

அடுத்த முறை எல்லையைப் பற்றி எழுதும்போது, ராணுவ உடையில் நிற்கும் நடிகர் படத்தை எடுத்துவிட்டு, மலைகளின் உயரம் குறித்த நிலப்படம் ஒன்று போடுங்கள். கால் பக்கம் போதும். இடம் இல்லையென்றால் இந்தக் கடிதத்தை விட்டுவிடுங்கள், பரவாயில்லை.

இப்படிக்கு,
முன்னாள் ராணுவத்தினர் ஒருவர்,
வேலூர் மாவட்டம்.