ஏரிப்படகை மீட்டுத் தந்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். கொடைக்கானல் ஏரியில் முன்பு ஓடிய பழைய துடுப்புப் படகு ஒன்றைப் பேணிவரும் சிறிய அறக்கட்டளையின் தலைமைச் செயல் அலுவலர் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். சென்ற மாதம் அந்தப் படகு மீண்டும் தண்ணீரில் இறங்கியது.

1863-ல் மதுரை ஆட்சியர் லெவிஞ்சு இந்த ஏரியை உருவாக்கியபோது, முதல் படகு தூத்துக்குடியிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். எங்கள் படகைப் பழுதுபார்க்கவும் அவ்வூரிலிருந்து, தோணி கட்டும் தச்சரான ஓடாவி ஒருவரே வரவேண்டியிருந்தது. அதற்குக் காரணம் என் தவறு. மழையில் நனையக்கூடாது என்று எண்ணி, இரண்டு கோடைகாலம் அதைத் தகரக் கொட்டகையில் காயவிட்டுவிட்டேன். பலகைகள் சுருங்கி, இடைவெளிகளில் விரல் நுழையும் நிலை வந்தது.

பெரியவரான அந்த ஓடாவி, படகின் உட்புறத்தில் விலா எலும்புபோல் வளைந்திருக்கும் சட்டமான வங்கு ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டி, ஓசையைக் கேட்டுக் கேட்டு நான்கு இடங்களில் சுண்ணாம்புக் குறி இட்டார். “அய்யா, கடல்ல உப்பு மரத்தைக் காப்பாத்தும். இங்க மேல விழுற மழைத்தண்ணிதான் மரத்தை அழுக வைக்கும். கீழே தண்ணியும் மேலே கூரையும் இருந்தாப் போதும்” என்றார். பிறகு தம் மகனோடு அமர்ந்து, பலகை இடைவெளிகளில் பஞ்சுத்திரியை உளியால் அடித்துச் செலுத்தி, நீர் புகாமல் அடைக்கும் கலப்பத்து வேலையை முடித்தார். அவர்கள் இருவருக்கும் என் முதல் வணக்கம்.

இடிந்த தம் வீட்டின் தேக்கு உத்தரங்களை விலையின்றித் தந்த பெருமாள்மலைக் குடும்பத்தாருக்கும், வாடகை வாங்க மறுத்த வத்தலக்குண்டு லாரி ஓட்டுநருக்கும் நன்றி.

படகைக் கண்ணாடிக் கூண்டில் வைத்தால் செலவு குறையும் என்ற யோசனை அறங்காவலர்களிடையே வலுவாக இருந்தது. 1817-ல் பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டிய டிரிங்கோமலி என்ற போர்க்கப்பல், இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதந்தபடியே பார்வையாளர்களை வரவேற்பதை எடுத்துச் சொன்னேன். செலவு கூடும் என்று தெரிந்தே சம்மதித்த அவர்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

எல்லோரையும்விட நான் அதிகம் கடன்பட்டிருப்பது நாயுடுபுரத்து மகளிர் குழுவினருக்குத்தான். நீரில் இறக்குவதற்கு முன் பலகைகள் மெல்ல ஊறி உப்ப வேண்டும் என்பதால், படகின் உள்ளே சாக்குகளை விரித்து, காலையும் மாலையும் குடம் குடமாக நீர் ஊற்றினார்கள். மார்கழிக் குளிரில் விரல்கள் விறைத்தபோதும் ஒருநாளும் தவறவில்லை. கலப்பத்து எவ்வளவு திறமையாகச் செய்யப்பட்டிருந்தாலும், மரம் ஊறாமல் அது நிற்காது.

இன்று காலையும் படகின் அடியைப் பார்த்தேன். இரவு முழுவதும் கசிந்த நீர் ஒரு குவளைகூட இல்லை.

நன்றியுடன்,
தலைமைச் செயல் அலுவலர்
கொடைக்கானல்